உறங்கும் கால்கள்

நான் எழுதிப் பிழைப்பவன்தான். ஆனால் நான் எழுதுவதை மனிதர்கள் அதிகம் வாசிப்பதில்லை. கணினிச் சில்லுகளுக்கும் அவற்றை ஆளும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று, இரு தரப்புக்கும் பேச்சு நடத்தித் தரும் நிரல்களை எழுதுவது என் தொழில். டிவைஸ் டிரைவர் என்பார்கள். கலைச்சொல்லாக்கத்தில் ஆர்வமுள்ள நண்பர்கள் 'சாதன இயக்கி' என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் அந்தச் சொல்லில் எனக்கு நிறைவில்லை. 'பாகன்' என்பதே பொருத்தம் என்று பல நாள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். யானையின் மொழி ஊருக்குத் தெரியாது, ஊரின் தேவை யானைக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவனாக ஒருவன் நடுவில் நடந்து வருகிறான். அலுவலகத்தில் யாரும் இதை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இயந்திரங்களை உறங்க வைப்பது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒரு கருவியை வேலை செய்ய வைத்துவிட்டால் பாராட்டு கிடைக்கும், சம்பள உயர்வுகூடக் கிடைக்கலாம். அது வேலையில்லாத நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். அணைத்தால் அணைந்துவிடும், அவ்வளவுதானே என்பது பொது நம்பிக்கை. வீட்டு விளக்குக்கு அது சரி. பல சில்லுகள் ஒன்றோடொன்று கால் பின்னிக் கிடக்கும் ஒரு மின்பலகைக்கு அது சரியல்ல.

'கால்' என்ற சொல்லை விளக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'பின்' எனப்படுவதை ரிச்சி தெருவில் பழுது பார்ப்பவர்கள் கால் என்றுதான் சொல்வார்கள். 'ஐ.சி.யோட மூணாம் கால்ல வோல்ட்டேஜ் வருதா பாரு' என்ற குரலைக் கேட்காமல் அந்தத் தெருவைக் கடக்க முடியாது. பழைய சில்லுகள் மரவட்டை போல இருபுறமும் கால்களோடு இருந்ததால் வந்த பெயர். இன்றைய செயலிகளில் கால்கள் இல்லை. அடிவயிற்றில் கடுகளவு ஈயக் குமிழ்கள் முந்நூறு நானூறு இருக்கின்றன. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஒரு காலுக்கு என்னென்ன நிலைகள் உண்டு? அது பேசலாம், கேட்கலாம். பேசும்போது இரண்டே சொற்கள்: உயர், தாழ். கேட்கும்போதுதான் சிக்கல். எதிரே எவரும் பேசாதபோது அந்தக் கால் எதைக் கேட்டதாக வைத்துக்கொள்வது? அதற்காக ஒரு மின்தடையின் வழியே அதை மெல்ல மேலே இழுத்துக் கட்டலாம், அல்லது கீழே இழுத்துக் கட்டலாம். இரண்டும் செய்யாமல் விட்டால் அந்தரம். எங்கள் வழக்கில் 'ஃப்ளோட்டிங்'. திரிசங்கு என்று சொன்னால் இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு உடனே புரியும். சில்லின் உள்ளே ஒவ்வொரு கேட்கும் காலுக்கும் பின்னால் மேல் மதகு ஒன்றும் கீழ் மதகு ஒன்றும் இருக்கின்றன. ஒன்று திறந்தால் மற்றது மூடியிருக்கும் என்பதே அமைப்பு. ஆகவே மேலிருந்து கீழே மின்சாரம் நேராகப் பாய வழியில்லை. திரிசங்கு நிலையில் இரண்டு மதகும் அரைகுறையாகத் திறந்து நிற்கும். யாருக்கும் பயனில்லாமல் மின்சாரம் ஓடி வீணாகும். சொட்டுச் சொட்டாகத்தான், ஆனால் இரவு பகலாக.

இதையெல்லாம் நான் ஏட்டில் கற்றவன். கண்ணால் கண்டது ஜவ்வாது மலையில்.

வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை அது. மலைபடுகடாம் பேசும் சேயாறு, இன்றைய செய்யாறு, இங்கேதான் பிறக்கிறது. சாமை விளையும் மேட்டு நிலங்கள், பலா, புளி, தேன். ஜமுனாமரத்தூரைச் சுற்றிய சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு மழை என்பது செய்தித்தாளில் வரும் விஷயமல்ல. சமவெளியின் மழை அளவை வைத்து மலையின் மழையைச் சொல்ல முடியாது. ஒரு முகட்டில் கொட்டும்போது அடுத்த சரிவு காய்ந்து கிடக்கும். மலையில் பெய்தது சில மணி நேரத்தில் கீழே ஆறாக வந்து சேரும். 2021 நவம்பரில் பாலாற்றங்கரை ஊர்களும், 2024 டிசம்பரின் முதல் நாட்களில் ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணைக் கரை ஊர்களும் அதைக் கண்டன. ஃபெஞ்சலின்போது மலைக்குத் தென்மேற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது, தென்கிழக்கே திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின.

இந்தக் காரணங்களால்தான் மலையில் வேலை செய்யும் ஒரு சிறு குழுவினர், ஃபெஞ்சலுக்குச் சில ஆண்டுகள் முன்பே, ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு மேட்டில் தானியங்கி மழைமானி ஒன்றை நிறுவியிருந்தார்கள். புனலுக்குக் கீழே துலாக்கோல் போல ஆடும் ஒரு சிறு குவளை, 0.2 மி.மீ. மழை நிறைந்ததும் கவிழும்; கவிழும்போது காந்தம் ஒரு சுவிட்சைத் தொட்டுவிட்டுப் போகும். அதை எண்ண லினக்ஸ் ஓடும் ஒரு கையகலப் பலகை, செய்தி அனுப்ப ஒரு மோடம், ஒரு சூரியத் தகடு, 4000 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாற்பது நொடி விழித்து எண்ணிக்கையை அனுப்பிவிட்டு உறங்க வேண்டும். வெயிலே இல்லாவிட்டாலும் ஒன்பது பத்து நாள் தாங்கும் என்பது கணக்கு.

நான்காம் நாள் செத்துப் போனது. ஒரு முறையல்ல; வடகிழக்குப் பருவமழை நின்று பெய்யும்போதெல்லாம். வெயில் அடிக்கும் நாட்களில் ஒழுங்காகச் 'சுழி, சுழி' என்று மழையின்மையைத் தெரிவித்துக்கொண்டிருக்கும். மேகம் நான்கு நாள் சேர்ந்தாற்போல் மூடினால், எதை அளக்க வைத்தார்களோ அது வரும்போது, மூச்சு நின்றுவிடும். மழை பெய்தால் அணையும் மழைமானி! அந்தக் குழுவினரைக் குறை சொல்ல முடியாது. தகட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், மின்கலத்தை இரண்டு முறை மாற்றிப் பார்த்தார்கள். மரக்கிளை வெட்டினார்கள். அதன் பிறகுதான் நண்பர் ஒருவர் மூலம் பெட்டி என்னிடம் வந்தது.

அதைக் கழற்றிக் கொண்டுவரப் போன அன்று, பெட்டியை அதுவரை காவல் காத்த முதியவர் ஒருவர் அருகில் வந்து நின்றார். என்ன கோளாறு என்று கேட்டார்.

"சரியாத் தூங்க மாட்டேங்குதுங்க ஐயா. அதான் களைச்சுப் போயிடுது."

"தூங்கறதுக்குக் கூடவா தம்பி சொல்லித் தரணும்?"

"ஆமாங்க. ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாச் சொல்லணும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "எங்க வீட்ல சின்னப் பேரன் இருக்கான், அவனுக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சென்னையில் என் மேசையில் வைத்து, உறக்கத்தில் அது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அளந்தேன். 6 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது 31 இருந்தது. விழித்திருக்கும் நாற்பது நொடிகளின் செலவு சராசரியில் 9 மில்லி ஆம்பியர். 6-உம் 9-உம் 15. அந்தக் கணக்கில்தான் பத்து நாள். 31-உம் 9-உம் 40. மூன்றரை நாளுக்கு மேல் தாங்க வழியே இல்லை. மலையில் நடந்தது கணக்குப்படிதான் நடந்திருக்கிறது.

ஆனால் இயங்குதளத்தின் குறிப்பேட்டில் எல்லாம் நலம். பலகை உறங்கிவிட்டது, மோடம் உறங்கிவிட்டது, அதன் மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டது என்று வரிசையாக எழுதியிருந்தது. மோடத்தின் மின்வாயிலில் அளவியை வைத்தேன். இணைப்புத் துண்டிக்கப்பட்ட இடத்தில் சுழி இருக்க வேண்டும். 1.9 வோல்ட் இருந்தது. முழுதாக உயிரோடும் இல்லை, செத்தும் போகவில்லை.

மின்சாரம் பின்வாசல் வழியாக வந்துகொண்டிருந்தது. பெரும்பாலான சில்லுகளின் கால்களில் ஒரு பாதுகாப்பு டையோடு இருக்கும். விரல் பட்டு நிலைமின்சாரம் பாய்ந்தால் சில்லு கருகிவிடாமல், அந்த மிகையை மின்வாயிலுக்குத் திருப்பிவிடும் ஒருவழிக் கதவு அது. நல்ல ஏற்பாடு. ஆனால் மின்வாயிலே சுழியாக இருக்கும்போது, காலில் வரும் சாதாரண 3.3 வோல்ட்டும் அந்தக் கதவுக்கு மிகையாகத்தான் தெரியும்; திறந்து உள்ளே விட்டுவிடும். மோடத்தோடு பேசும் செயலியின் நான்கு கால்களும் பேச்சில்லாத நேரத்தில் 'உயர்' என்று நிற்பவை. தொடர்வழிப் பேச்சின் மரபு அது, மௌனத்தின் அடையாளம் உயர். முன்வாசலைப் பூட்டிவிட்டு, நான்கு சன்னல்கள் வழியாகச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தது செயலி.

பலகையை விற்ற நிறுவனம் தந்த நிரலைத் திறந்து பார்த்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அது எல்லோரும் செய்வதும்கூட. உறங்கும் நேரத்தில் இயங்குதளம் ஒவ்வோர் இயக்கியையும் அழைத்து, 'உன் சாதனத்தை உறங்க வை, முடிந்ததும் சொல்' என்று கேட்கும். அதற்கான இடத்தில் ஒரே வரி இருந்தது: சுழியைத் திருப்பித் தருக. எங்கள் மொழியில் சுழி என்றால் 'பிழையேதுமில்லை, ஆயிற்று'. எதையும் செய்யாமலே ஆயிற்று என்று சொல்லும் வரி. அதை நம்பி இயங்குதளம் குறிப்பேட்டில் எழுதியது. குறிப்பேட்டை நம்பி மலையில் மின்கலம் மாற்றினார்கள், மரக்கிளையை வெட்டினார்கள். எழுதப்படும் பொய்களில் மிகச் சிறியது இதுவாகத்தான் இருக்கும். இரண்டே சொற்கள், ஓர் அரைப்புள்ளி.

இந்த இடத்தில் சற்று வரலாறு. ஒரே கால் பல வேடம் கட்டும் வசதி நவீனச் செயலிகளில் உண்டு. வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்தில் ஒரே நடிகர் முன்னிரவில் ஒரு வேடமும் விடியலில் வேறொரு வேடமும் கட்டுவதில்லையா, அது போல. முன்பு எந்தக் கால் எப்போது எந்த வேடம் என்பதை ஒவ்வொரு செயலி நிறுவனமும் தன் போக்கில் எழுதிக்கொண்டிருந்தது. 2011-இல் இந்தக் குப்பை மலிந்துவிட்டதைக் கண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே சினந்தார். அதே ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த லினஸ் வாலெய் கால்களின் நிலைகளுக்கென்று ஒரு பொது அமைப்பை உருவாக்கி லினக்ஸில் சேர்த்தார். (இருவரும் லினஸ், புதியவர்கள் குழம்புவார்கள்.) இன்று ஒவ்வொரு சாதனத்துக்கும் அதன் கால்கள் இயல்பு நிலையில் எப்படி நிற்க வேண்டும், சும்மா இருக்கும்போது எப்படி, உறங்கும்போது எப்படி என்று பெயரிட்டு எழுதி வைக்க முடியும். அதற்குச் சற்று முன், 2009-இல், போலந்தின் ரஃபால் வைசோட்ஸ்கி வேறொன்றைக் கொண்டுவந்திருந்தார்: முழுக் கணினியும் உறங்கும்வரை காத்திராமல், தனித்தனிச் சாதனங்களை அவ்வப்போது உறங்க வைப்பது. அதன் உட்கரு ஒரு எண்ணிக்கைதான். சாதனத்தைப் பயன்படுத்த வருபவர் ஒன்றைக் கூட்ட வேண்டும், போகும்போது ஒன்றைக் கழிக்க வேண்டும். சுழியானால் விளக்கை அணைக்கலாம். கழிக்க மறந்த ஒருவர் போதும், விளக்கு விடிய விடிய எரிவதற்கு.

கருவிகள் எல்லாம் கையில் இருந்தன. எழுத வேண்டியதுதான் பாக்கி. மோடத்தின் மின்சாரத்தைத் துண்டிக்கும் முன்பே நான்கு கால்களையும் பேச்சு வேடத்திலிருந்து இறக்கி, 'தாழ்' நிலையில் இழுத்துக் கட்டினேன். வரிசை முக்கியம். முதலில் மின்சாரத்தைத் துண்டித்துப் பிறகு கால்களை இறக்கினால் இடைப்பட்ட கணத்தில் சன்னல்கள் திறந்து கிடக்கும். விழிக்கும்போது தலைகீழ்: முதலில் மின்சாரம், பிறகு அது நிலைகொள்ளச் சிறு பொறுமை, அதன் பின்பே பேச்சு. 31 என்பது 8 ஆனது.

மீதி 2 என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு மாலையில் பலகையின் மேல் கையை நீட்டியபோது அளவியின் எண் தானாக ஏறியதைக் கவனித்தேன். கையை எடுத்தால் இறங்கியது. தொடவே இல்லை. திரிசங்குகள்! கேமரா இணைப்பதற்கென்று விடப்பட்டு, கேமராவே இல்லாததால் எவரும் கண்டுகொள்ளாத இருபது கால்கள் அந்தரத்தில் நின்று, காற்றில் வரும் என் கையின் மின்புலத்தைக்கூடச் செய்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் ஆளுக்கொரு வரி எழுதிக் கீழே கட்டினேன். 6-க்கு வந்து நின்றது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் விடியும்வரை அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாக் கால்களையும் உறங்க வைத்துவிடவும் முடியாது. மழைக்குவளையின் சுவிட்சோடு இணைந்த ஒரே ஒரு கால் விழித்திருக்க வேண்டும். அது அசைந்தால்தான் மற்றவை எழும். அந்தக் காலை மேலே இழுத்துக் கட்டும் மின்தடை எவ்வளவு வலிமையாக இருக்கலாம் என்பது தனிக் கேள்வி. குவளை பாதி கவிழ்ந்த நிலையில் சிக்கிக்கொண்டால் சுவிட்சு மூடியே கிடக்கும். 10 கிலோ ஓம் மின்தடை என்றால் 330 மைக்ரோ ஆம்பியர் ஓயாமல் வடியும். 1 மெகா ஓம் என்றால் அதில் நூற்றில் ஒரு பங்கு. ஆனால் கட்டு தளரத் தளர, தொலைவில் இடிக்கும் மின்னலைக்கூட மழைத்துளி என்று எண்ணத் தொடங்கும். சற்றே இறுக்கமாகக் கட்டி, மிகக் குறுகிய அதிர்வுகளை எண்ணாமல் தள்ளிவிடச் சொன்னேன்.

பெட்டியைத் திரும்ப மாட்டிவிட்டு வரும்போது காவலூர் வழியாக ஆலங்காயத்துக்கு இறங்கினேன். காவலூர் என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்! 725 மீட்டர் உயரத்தில், 1960களின் இறுதியில் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 1972-இல் அங்கே 40 அங்குலத் தொலைநோக்கி வந்தது. அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டபோது அவர் இல்லை, 1982-இலேயே காலமாகிவிட்டார். இன்று தொலைநோக்கியும் வானாய்வகமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. உறங்குவதற்கும் விழிப்பதற்கும் நான் எழுதும் வரிகளுக்கு இந்த இடத்தோடு நேரடித் தொடர்பில்லை, ஆனால் உறவு உண்டு. வானியலாளர்கள் பயன்படுத்தும் சி.சி.டி. உணரிகளில் ஒரு விசித்திரம்: நெடுநேரம் ஒளியைச் சேர்க்கும்போது, அந்தச் சில்லின் மூலையிலுள்ள பெருக்கி தானே மங்கலாக ஒளிர்ந்து படத்தின் ஓரத்தைக் கறைப்படுத்தக்கூடும். ஆகவே ஒளி சேரும்வரை பெருக்கியின் காலுக்கு வரும் மின்னழுத்தத்தைக் குறைத்து அடக்கி வைத்துவிட்டு, படத்தைப் படித்தெடுக்கும்போது மட்டும் எழுப்புவது வழக்கம். பல்லாயிரம் ஒளியாண்டுகள் கடந்து வந்த துகளைக் காண, பக்கத்திலிருப்பவரின் விளக்கை அணைக்க வேண்டியிருக்கிறது.

எப்போது விழிப்பது என்பதற்கும் காவலூரோடு தொடர்புடைய கதை ஒன்று உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தது. ஜேம்ஸ் எலியட்டின் அமெரிக்கக் குழு இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விமானத்தில் பறந்தபடி, கணித்த நேரத்துக்குச் சுமார் நாற்பது நிமிடம் முன்பே பதிவுக் கருவியை ஓடவிட்டது. கோளுக்கு வெகு முன்பே விண்மீன் சிலமுறை கண்சிமிட்டியது. அப்படித்தான் யுரேனஸின் வளையங்கள் தெரிய வந்தன. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் 40 அங்குலத் தொலைநோக்கியில் அப்படியொரு ஒளிக்குறைவைப் பதிவு செய்து, புதிய துணைக்கோள் ஒன்றாக இருக்கலாம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதுவும் வளையத்தின் தடமே. கணித்த நேரத்துக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் சிக்கனமான கருவியாக இருந்திருந்தால் எதுவும் தெரிந்திராது. சிக்கனத்தைப் பற்றி எழுதும்போது இதை மறைப்பது நேர்மையாகாது.

உறக்கத்தின் எல்லையை நாடே பார்த்தது 2023-இல். ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3-இன் உலாவி செப்டம்பர் 2-ஆம் தேதியும் தரையிறங்கி 4-ஆம் தேதியும் உறங்க வைக்கப்பட்டன. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் அதன் திட்ட இயக்குநர் என்பதால் தமிழ் நாளிதழ்கள் அந்த உறக்கத்தை ஏதோ வீட்டுப் பிள்ளையின் உறக்கம் போல எழுதின. ஆய்வுக் கருவிகள் அணைக்கப்பட்டன, மின்கலம் நிரம்பியிருந்தது, ஒளிவாங்கும் தகடு அடுத்த விடியலை நோக்கித் திருப்பப்பட்டது, ஏற்பி மட்டும் விழித்திருந்தது. என் மழைமானியின் ஒற்றைக் கால் போல. அந்தச் செய்திக்குறிப்பை நான் தொழில்காரனின் பொறாமையோடு வாசித்தேன். எதையும் அந்தரத்தில் விடாத உறக்கம் அது. செப்டம்பர் 22-இல் அழைத்தபோது பதில் வரவில்லை. நிலவின் இரவுக் குளிர் −150 டிகிரிக்கும் கீழே போகும். அதைத் தாங்குவதற்கென்று அவை கட்டப்படவும் இல்லை. தரையிறங்கியின் மேல் நாசா தந்த கண்ணாடிப் பட்டக அடுக்கு ஒன்று இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. அதற்கு மின்சாரம் வேண்டாம், காலும் இல்லை, இயக்கியும் இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 12 அன்று நிலவைச் சுற்றும் அமெரிக்கக் கலம் ஒன்று லேசர் கதிரை அனுப்பியபோது அது பதில் ஒளி தந்தது. என் தொழிலே தேவையில்லாத ஒரு பொருள் மட்டும் அங்கே பேசிக்கொண்டிருப்பதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

ஜவ்வாது மலைப் பெட்டி அதன்பின் பருவமழைகளைக் கடந்துவிட்டது. ஃபெஞ்சல் நாட்களில் வானம் முழுக்க அடைத்துக் கிடந்தபோதும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதன் செய்தி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் வரும்வரை கைப்பேசியைக் கீழே வைக்காமல் இருந்தேன். சென்ற முறை எண்ணிக்கை திடீரென்று நின்றபோது மின்கலமோ என்று பதறிப் போனேன். மின்கலம் நிறைந்தே இருந்தது. புனலின் கழுத்தில் கட்டெறும்புகள் மண் வைத்து அடைத்திருந்தன. முதியவர் ஒரு வேப்பங்குச்சியால் சுத்தம் செய்துவிட்டு, குவளையில் கால் சொம்பு தண்ணீரை மெல்ல ஊற்றிக் காட்டினார். சென்னையில் என் திரையில், வெயில் கொளுத்தும் நண்பகலில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் பெருமழை என்று பதிவானது.